மகள் கையை நேர்ந்துவிட்டவள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் யாரும் சாகமாட்டார்கள். பட்டாசு ஊர்க் கதை என்றதும் உங்களுக்கு நெஞ்சு ஒரு தரம் திக்கென்றிருக்கும். இருக்கத்தான் செய்யும். ஆனால் வெடிக்க வேண்டியதெல்லாம் கதை தொடங்குவதற்கு முன்பே வெடித்து ஓய்ந்துவிட்டது. மிச்சம் இருப்பது ஒரு அம்மா, ஒரு மகள், ஒரு வேண்டுதல். சாய்ந்து உட்கார்ந்து நிம்மதியாகக் கேளுங்கள்.

எம். புதுப்பட்டியில் பாண்டிமீனாவின் வீட்டில் தீப்பெட்டி கிடையாது. தீப்பெட்டியும் பட்டாசும் செய்தே சோறு தின்கிற வட்டாரத்தில், தீப்பெட்டி இல்லாத வீடு அது ஒன்றாகத்தான் இருக்கும். சமையல் கரண்டு அடுப்பில். சாமி படத்துக்கு முன்னால் ஒரு பேட்டரி விளக்கு. சுடர் மாதிரியே ஆடும், சுடாது. கரண்டு இல்லாத நேரத்தில் பசித்தால் அவள் புருஷன் மணிகண்டராஜ் கடைக்குப் போய்ப் புரோட்டா வாங்கி வருவான்.

மீனா முன்பு வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தாள். ஒரு சித்திரை மாதத்து மத்தியானம் பக்கத்து அறையில் வெடிமருந்து உராய்ந்து பற்றிக்கொண்டது. ஓடிவரும்போது இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் தூக்கியிருக்கிறாள். அதனால் முகம் தப்பியது. முழங்கை வரைக்கும் கைகள் வெந்துபோயின. பெரியாஸ்பத்திரியில் பேச்சுமூச்சு இல்லாமல் கிடந்தாள். கையை எடுக்க வேண்டி வரலாம் என்றுகூட டாக்டர் சொன்னார். எடுக்கவில்லை. கை பிழைத்தது, அவளும் பிழைத்தாள். தோல் மட்டும் சுருங்கி, எண்ணெய் தடவினதுபோல் மினுமினுத்துக் கிடக்கும். விரல்கள் நன்றாக மடங்கும். இப்போது சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் காலண்டர்த் தாள் அடுக்குகிறாள். வேகத்தில் அவளை யாரும் முந்த முடியாது.

ஆறாதது ஒன்றுதான். தீக்குச்சி உரசுகிற சத்தம் கேட்டாலே போதும், அவள் அங்கே இருக்கமாட்டாள். எழுந்து எங்கேயாவது போய் நின்றுகொண்டு மூச்சு வாங்குவாள். கோவிலில் சூடம் காட்டும்போது இறுக்கக் கண்ணை மூடிக்கொள்வாள். என்ன பக்தி என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள்.

அவளுடைய அம்மா ஆவுடைத்தாய். விபத்துக்குப் பிறகு மகள் வீட்டோடு வந்துவிட்டாள். கம்பி மத்தாப்புக்குக் காலிப் பெட்டி ஒட்டுகிற வேலை. மருந்தெல்லாம் வீட்டுக்கு வராது. அட்டை, பசை, லேபிள், அவ்வளவுதான். அந்த ஆனி மாதம் அவள் ஒட்டிய பெட்டிகள் கம்பெனியிலிருந்து திரும்பி வந்தன. லோடு ஆட்டோவில் அவற்றைக் கொண்டுவந்து இறக்கிய மணிகண்டராஜ் ஒரு பெட்டியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தான்.

“அத்தை, லேபிள்ல இருக்கிற புள்ள தலைகீழா நின்னு மத்தாப்பு பிடிக்குது.”

“வெளாட்டுப் புள்ளன்னா அப்படித்தான் நிக்கும் மாப்ள.”

“எல்லாப் பெட்டியிலயும் அப்படித்தான் நிக்குது. இது மத்தாப்பா சர்க்கஸான்னு கம்பெனிக்காரரு கேக்காரு.”

அவள் சிரித்துச் சமாளித்தாள். ஆனால் மீனாவுக்குத் தெரிந்துவிட்டது. அம்மா கொஞ்ச நாளாகவே தட்டில் சோற்றைக் கையால் தேடித்தான் பிசைகிறாள். வலது கண்ணில் சுண்ணாம்பு பூசியதுபோல் புரை. இடது கண்ணிலும் மூட்டம் போடத் தொடங்கியிருந்தது.

பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டிருந்தார்கள். முகாமுக்கு வந்திருந்த நர்ஸ் இன்பம் இவர்களுக்குப் பழக்கம். மீனா பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோது அந்த வார்டில் இருந்தவள் அவள்தான். சிலுவை போட்ட மெல்லிய சங்கிலி, எப்போதும் ஒரு பிளாஸ்க், நடக்கும்போது செருப்புச் சத்தமே வராது. முகாமுக்குக் கூப்பிட்டும் ஆவுடைத்தாய் வரவில்லை என்றதும் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

“ஆவுடையம்மா, அடுத்த வாரம் வேன் வருது. கூட்டிட்டுப் போயி, புரையை எடுத்து, பத்திரமா கொண்டாந்து விட்டுருவோம். வாரீகளா?”

“ஆடி கழியட்டும் நர்சம்மா.”

“தள்ளிப் போட்டா இன்னும் முத்தும்மா. அடுத்த கண்ணும் மறைச்சிட்டா என்ன செய்வீக?”

“மறைக்கிறவளுக்குத் தெரியும், எப்ப விலக்கணும்னு.”

“யாரு மறைக்கிறா?”

ஆவுடைத்தாய் கிழக்கே பார்த்துக் கும்பிட்டாள். கிழக்கே இருக்கன்குடி. அங்கே இருக்கிற மாரியம்மன் கண்ணைக் கொடுக்கிறவள் என்று இந்தப் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். கண் நோய் வந்தவர்கள் அவள் சன்னிதியிலேயே போய்த் தங்கிக் கிடப்பதுண்டு. கொடுக்கிறவளுக்கு மறைக்கவும் தெரியும் என்பது ஆவுடைத்தாயின் எண்ணம்.

“அவளுக்கு ஒரு வாக்குச் சொல்லியிருக்கேன். அதைச் செய்யாம நாளைக் கடத்திட்டேன். அதான் கண்ணைத் தொட்டுக் காட்டுறா. மொதல்ல அவளுக்குச் செய்யணும். அப்புறந்தான் ஆஸ்பத்திரி.”

“என்ன வாக்கும்மா?” என்று கேட்டது மீனா. வேலை முடிந்து அப்போதுதான் உள்ளே வந்திருந்தாள்.

ஆவுடைத்தாய் சேலைத் தலைப்பைத் திருகினாள். “நீ ஆஸ்பத்திரியில கெடந்தப்ப வேண்டிக்கிட்டது. இருக்கன்குடிக்கு அக்கினிச் சட்டி.”

“இதுக்கா இம்புட்டு யோசன? எடுத்துரு. நாங்களும் கூட வாரோம்.”

“நான் எடுக்கிறதா வேண்டல தாயி. நீ எடுக்கிறதா. உன் ரெண்டு கையால.”

வெளியூரில் இருந்து கேட்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். அக்கினிச் சட்டி என்றால், மண்சட்டிக்குள் விறகைப் போட்டு எரியவிட்டு, உள்ளங்கையில் வேப்பிலையைப் பரப்பி, எரிகிற சட்டியை அதன்மேல் வைத்துக்கொண்டு கோவில்வரை நடப்பது. தழல் முகத்துக்கு நேராக ஆடும். மனம் இருந்தால் சுடாது என்பார்கள்.

மீனா உட்கார்ந்துவிட்டாள்.

“ஏம்மா,” என்றாள் பிறகு, “கிடாயை நேர்ந்துவிடுறாப்ல என் கையை நேர்ந்துவிட்டிருக்கியா?”

“அப்படிச் சொல்லாத தாயி.”

“கிடாய்கிட்டயாவது தலையில தண்ணியத் தெளிச்சு, அது உதறுற வரைக்கும் காத்து நிப்பாக. உதறினாத்தான சம்மதம்? என்கிட்ட யாரு கேட்டா?”

“பேச்சுமூச்சு இல்லாம கெடந்தவகிட்ட எப்படிக் கேக்க? கையை எடுக்கணும்னு சொல்லிட்டாக. எனக்குப் புத்தி ஓடல. தாயே, இவ கையைத் திருப்பிக் குடு, அந்தக் கையாலயே உனக்குச் சட்டி எடுக்க வைக்கேன்னு சொல்லிட்டேன். பெருசாக் கேக்கும்போது பெருசாத் தரணும்ல?”

“அப்ப உன் கையைத் தந்திருக்கணும்.” சொல்லிவிட்டு மீனா எழுந்து போய்விட்டாள்.

இன்பம் பிளாஸ்கைத் திறந்து ஒரு மூடி காப்பியை ஆவுடைத்தாயின் கையில் வைத்தாள். “குடிங்க. அன்னைக்கு நீங்க வராண்டாவுல ஒரு மூலைல நின்னு கும்பிட்டீக. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நானும் மருந்து ரூம்ல நின்னு அவளுக்காக ஜெபம் பண்ணேன்.”

“நீங்க உங்க சாமிக்கு என்ன தாரேன்னு சொன்னீக?”

“ஒன்னும் சொல்லலையே. கேட்டேன், அம்புட்டுத்தான்.”

“ஒன்னும் தராம வெறுங்கையோட போயா கேட்டீக?” ஆவுடைத்தாய்க்கு உண்மையிலேயே ஆச்சரியம். “தைரியந்தான் உங்களுக்கு.”

இன்பம் சிரித்தாள். “தைரியம் எங்க? அந்த நேரத்துல கையில என்ன இருந்துச்சு எனக்கு, பஞ்சும் கத்தரியும் தவிர?”

வேன் மறுபடி எப்போது வரும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த வாரத்து வேன் வந்தது, போனது. ஆவுடைத்தாய் ஏறவில்லை. ஆடி பிறந்தது. காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வீசத் தொடங்கியது. அம்மாவும் மகளும் ஒரே வீட்டில் இரண்டு வீடுபோல் இருந்தார்கள். “அம்மா சாப்பிட்டாகளான்னு கேளுங்க” என்று மீனா புருஷனிடம் சொல்வாள். “சாப்பிட்டேன்னு சொல்லுங்க” என்று ஆவுடைத்தாய் மருமகனிடம் சொல்வாள். “நான் என்ன போஸ்ட்மேனா?” என்பான் அவன்.

ஒரு நாள் ஆவுடைத்தாய் வாசற்படி தெரியாமல் தடுக்கி விழுந்தாள். பெரிய அடி இல்லை, முழங்காலில் சிராய்ப்புத்தான். மீனா மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டே கேட்டாள்.

“இப்பயாவது ஆஸ்பத்திரிக்கு வாரியா?”

“வாக்கைத் தீக்காம வரமாட்டேன். குருடாப் போனாலும் போறேன்.”

“நான் சட்டி எடுக்கமாட்டேன்மா. என்னால முடியாது.”

“சரி. நீ சொல்றதும் வேண்டாம், நான் சொல்றதும் வேண்டாம். பூக்கட்டிப் பாப்போம். அவளே சொல்லட்டும். வெள்ளை வந்தா உன்னை விட்டுட்டான்னு அர்த்தம், நான் அன்னைக்கே வேன்ல ஏறிருவேன். செவப்பு வந்தா நீ எடுக்கணும்.”

மீனா அந்தக் கட்டுப்போட்ட முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். “சரி, கட்டிப் பாப்போம்,” என்றாள்.

ஊர்க் காளியம்மன் கோவில் பூசாரி ஒச்சப்பன், செவ்வரளி ஒன்றையும் நந்தியாவட்டை ஒன்றையும் தனித்தனியாக இலையில் மடித்து நூல் சுற்றினார். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தன. குலுக்கி அம்மன் காலடியில் போட்டார். வழக்கமாக ஏதாவது சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள்.

“நானே எடுக்கேன்,” என்றாள் மீனா. “என் கையைப் பத்தித்தான கேக்கீக.”

குனிந்து ஒன்றை எடுத்தாள். ஒச்சப்பன் நூலைப் பிரித்தார். எட்ட நின்ற மணிகண்டராஜ் மூச்சுவிடுகிற சத்தம் கேட்டது. ஆவுடைத்தாய்க்கு நிறம் தெரியவில்லை.

“என்ன ஒச்சப்பா?”

“செவப்பு மதினி.”

மீனா, “சரிம்மா, எடுக்கேன்,” என்றாள். அழவில்லை, கோபப்படவில்லை. ஆவுடைத்தாய் கேட்டது நடந்துவிட்டது. அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தாள், ஒரு கவளம் இறங்கவில்லை. விரதம் என்று சொல்லி எழுந்துவிட்டாள்.

காப்புக் கட்டிவிட்டால் பிறகு மாற்ற முடியாது. கையில் மஞ்சள் கயிறு ஏறியவர்கள்தான் சட்டி எடுக்க வேண்டும். கட்ட வேண்டிய நாள் வந்தது. அன்றைக்குக் காலையில் ஆவுடைத்தாய் முகம் கழுவ எழுந்தபோது வீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. சர்ரென்று ஒரு உரசல். ஊரில் எங்கே போனாலும் கேட்கிற சத்தம்தான். மகள் வீட்டில் மட்டும் கேட்கவே கேட்காத சத்தம்.

சுவரைத் தடவிக்கொண்டு பின்வாசல்வரை போனாள். பார்வைக்கு இரண்டு நிழல்கள் மட்டும் தட்டுப்பட்டன. உட்கார்ந்திருப்பது மீனா. வாளியோடு நிற்பது மருமகன்.

மறுபடி உரசல். விக்கியதுபோல ஒரு மூச்சு. குச்சி தண்ணீரில் விழுந்து ‘ச்சு’ என்று அணைந்தது.

“போதும் மீனா,” என்றான் மணிகண்டராஜ்.

“இன்னொன்னு.”

“கை எப்படி நடுங்குது பாரு. தீபாவளி வரைக்கும் உரசினாலும் இது இப்படித்தான் நடுங்கும்.”

“இந்தக் குச்சியையே கையில வச்சிருக்க முடியலன்னா அங்கன சட்டியோட எப்படி நிப்பேன்? கீழ போட்டுட்டா அம்மா ஆஸ்பத்திரிக்கு வரமாட்டாகல்ல? அவுகளுக்குக் கண்ணு வரணும்.”

மறுபடி உரசல்.

ஆவுடைத்தாய் அங்கேயே நின்றாள். மகள் பூவுக்குப் பயந்துதான் சம்மதித்தாள் என்று நினைத்திருந்தாள். அம்மனுக்குப் பயந்து என்றும் நினைத்திருந்தாள். இரண்டும் இல்லை. வராண்டாவில் நின்று அந்தக் கையைத் திருப்பிக் கேட்டபோது தான் நினைத்ததெல்லாம் அவளுக்கு நினைவு வந்தது. அந்தக் கையால் அவள் சோறு பிசைந்து சாப்பிட வேண்டும், தலை பின்ன வேண்டும், நாளைக்கு ஒரு பிள்ளையைத் தூக்க வேண்டும். நெருப்பைத் தூக்க வேண்டும் என்றா நினைத்தாள்? வாங்கின கையையே கொண்டுபோய் மறுபடி நெருப்பிடம் நீட்ட வைத்திருக்கிறாள்.

படியிறங்கினாள். ஈரமான குச்சிகள் பாதத்தில் ஒட்டின. எத்தனை இருந்தனவோ, மிதிக்க மிதிக்க வந்தன.

“அந்தப் பெட்டியை இங்கன குடு தாயி.”

மீனா திடுக்கிட்டு எழுந்தாள். “நீ எப்ப வந்த?”

“குடுன்னு சொன்னேன். சட்டிய நான் எடுக்கேன்.”

“பூ செவப்பு வந்துச்சுல்லம்மா?”

“வந்துச்சு.”

“அப்ப?”

“வந்துட்டுப் போகட்டும். அவ சொல்ல வேண்டியத அவ சொன்னா. நான் சொல்ல வேண்டியத நானும் சொல்லணும்ல?”

அம்மா சாமிக்கு எதிராக ஒரு வார்த்தை பேசி மீனா கேட்டதே இல்லை. மணிகண்டராஜ்தான் வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பேசினான்.

“அத்தை, எதுக்க வாரது ஆளா மாடான்னே உங்களுக்குத் தெரியாது. நெருப்பத் தூக்கிட்டு எங்கிட்டுப் போவீக, தூத்துக்குடிக்கா?”

“நீங்க எதுக்கு இருக்கீக மாப்ள? முன்னால நடங்க. உங்க சத்தந்தான் ஊருக்கே கேக்குமே.”

ஒச்சப்பன் மஞ்சள் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். “மதினி, பூ சொன்னது வேற.”

“உன் கோவில்ல பூ விழுந்துச்சு, உன்மேல ஒரு குத்தமும் இல்ல. பதில நான் அவ வாசல்லயே போயிச் சொல்லிக்கிடுவேன். நீ கட்டு ஒச்சப்பா.”

கட்டினார். அவளுக்குப் பயம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஆயுசுக்கும் கும்பிட்ட தெய்வத்துக்கு மறுப்புச் சொல்லப்போகிறாள். கண் இரண்டும் போய்விடலாம். அதைவிடப் பெரிதாக ஏதாவது நடக்கலாம். நடக்கட்டும், அது என்மேல் நடக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆடிக் கடைசி வெள்ளி. சாத்தூரிலிருந்து இருக்கன்குடிவரை ரோடு முழுக்கச் சனம். சிவப்புச் சேலை, மஞ்சள் சேலை, தோளில் பிள்ளைகள், கையில் வேப்பிலைக் கொத்து. கோவிலை ஒட்டிய ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான். அங்கேதான் சட்டிகளை மூட்டிக்கொண்டிருந்தார்கள். காற்று சொல்லவே வேண்டாம், நின்றவர்களின் சேலையைப் பிடித்து இழுத்தது.

“நீ பையை வச்சுக்கிட்டு அந்தக் கரையிலயே இரு,” என்று ஆவுடைத்தாய் மகளிடம் சொன்னாள். “இங்கன வராத. இது உன் வேலை இல்ல.”

மீனா கரையில் ஒரு கருவேல மரத்தடியில் நின்றாள். அங்கிருந்து பார்த்தால் சட்டிகள் தெரிந்தன, சூடு தெரியவில்லை. அம்மாவின் கையில் வேப்பிலையைப் பரப்பிச் சட்டியைத் தூக்கி வைத்தார்கள். மணிகண்டராஜ் முன்னால் நின்று, “வழி விடுங்க, வழி விடுங்க, கண்ணு தெரியாத ஆளு,” என்று கத்திக்கொண்டே நடந்தான். ஆவுடைத்தாய் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

பாதி மணலைத் தாண்டியிருப்பார்கள். பக்கத்தூர்க் கூட்டம் ஒன்று கொட்டடித்துக்கொண்டு குறுக்கே நுழைந்தது. கொட்டுச் சத்தத்தில் மருமகன் குரல் அமுங்கிப்போனது. அவன் கூட்டத்தோடு அந்தப் பக்கம் தள்ளப்பட்டான். ஆவுடைத்தாய் நின்றுவிட்டாள். எந்தப் பக்கம் கோவில், எந்தப் பக்கம் கரை என்று தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துக் காற்று திரும்பியது. தழல் அவள் முகத்தை நோக்கிச் சாய்ந்தது. அவள் பின்னால் ஒரு அடி வைத்தாள், தழலும் கூடவே வந்தது. சட்டியைக் கீழே போடவும் மனம் இல்லை.

“மாப்ள,” என்று கூப்பிட்டாள். கொட்டுச் சத்தம்தான் பதிலாக வந்தது.

அப்போது அவள் முழங்கையை ஒரு கை பிடித்தது. வழவழவென்று சுருங்கிய தோல். பார்க்காமலே தெரிந்துவிட்டது.

“மேக்க இருந்து காத்தடிக்குதும்மா. இங்கிட்டுத் திரும்பு. முதுகக் காட்டு காத்துக்கு. ஆங், அப்படி.”

தழல் முகத்தை விட்டு முன்பக்கம் விலகியது. மீனா அம்மாவின் பக்கத்தில் ஒட்டி நின்றாள். அவள் கை நடுங்கியது அம்மாவின் முழங்கைவரை தெரிந்தது. ஆனால் பிடி விடவில்லை.

“ஏட்டி, உன்னை வராதன்னுல்ல சொன்னேன். எதுக்கு வந்த?”

“நீ கூப்பிடல. அதான் நானா வந்தேன்.”

“பயமா இல்லையா?”

“உயிரே போகுது. பேசாம நட. கால எட்டி வை, குழி இருக்கு.”

மகள் நெருப்பைப் பார்க்கவில்லை. கீழே மணலையும் மேலே சனத்தின் கையிலிருந்த வேப்பிலையின் அசைவையும் மட்டும் பார்த்தபடி, காற்று மாறுகிறபோதெல்லாம் அம்மாவைத் திருப்பித் திருப்பி நடத்தினாள். சில இடங்களில் இருவரும் பக்கவாட்டில் நண்டு மாதிரி நடக்க வேண்டியிருந்தது. எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். மணிகண்டராஜ் வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தபோது அவர்கள் கோவில் வாசலுக்கே வந்துவிட்டார்கள். பொண்டாட்டி நிற்கிற இடத்தைப் பார்த்து அவனுக்குப் பேச்சு வரவில்லை. அவனுக்கே பேச்சு வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டியை இறக்கிவிட்டு, நெரிசலில் நகர்ந்து நகர்ந்து சன்னிதிக்கு வந்தார்கள். ஆவுடைத்தாய்க்கு அம்மன் முகம் தெரியவில்லை. விளக்கு வெளிச்சம் மஞ்சளாய்க் கலங்கித் தெரிந்தது. அதைப் பார்த்தே பேசினாள். மெதுவாகத்தான் பேசுவதாக அவளுக்கு நினைப்பு, பின்னால் பத்துப் பேருக்குக் கேட்டது.

“தாயே, நான் உன்கிட்டச் சொன்னது ஒன்னு, செஞ்சது ஒன்னு. தெரிஞ்சேதான் செஞ்சேன். அது என் பொருள் இல்ல, அவ கை. பேச்சுமூச்சு இல்லாதவ கையை எடுத்து நான் உனக்குத் தந்துட்டேன். நீ பூக் குடுத்த, நான் கேக்கல. கோவம்னா என்மேல வை, அவமேல வைக்காத. கண்ணை மறைக்கணும்னா மறைச்சுக்க. ஆனா ஒன்னு, நான் ஆஸ்பத்திரிக்குப் போயி ஆபரேசன் பண்ணிக்கிடப் போறேன். அதையும் ஒளிக்காம இப்பவே சொல்லிட்டேன்.”

பின்னால் நின்ற ஒருத்தி, “ஏத்தா, சண்டை முடிஞ்சிருச்சுன்னா நகருங்க. நாங்களும் ஆளுக்கு ரெண்டு வார்த்தை பேசணும்,” என்றாள். வரிசையே சிரித்தது.

பூசாரி எல்லோருக்கும் வைப்பதுபோல அவள் நெற்றியிலும் திருநீற்றைப் பூசி, “பாத்துப் போயிட்டு வாத்தா,” என்றார். பூ விழவில்லை, பல்லி சொல்லவில்லை. அவள் கொஞ்சம் நின்று பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. சூடம் காட்டினார்கள், மீனா எப்போதும்போல் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். அவள் பயம் அன்றோடு போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ஆவுடைத்தாய் மகளின் கையைத் தேடிப் பிடித்துத் தன் வயிற்றோடு வைத்துக்கொண்டாள். நெஞ்சுக்குள் எங்கேயோ இத்தனை காலமும் கட்டிக் கிடந்த ஒன்று அவிழ்ந்ததுபோல் இருந்தது. மூச்சு தாராளமாக வந்தது.

வெளியே வந்து மணலில் விரித்து உட்கார்ந்து புளிச்சோற்றைப் பிரித்தார்கள். ஆவுடைத்தாய் வாங்கி வாங்கிச் சாப்பிட்டாள்.

“அத்தை, அடுத்து வேண்டுதல் ஏதும் இருக்கா?” என்றான் மணிகண்டராஜ். பேச்சு அவனுக்குத் திரும்பியிருந்தது. “என் ரெண்டு காலும் சும்மாத்தான் இருக்கு.”

“உங்க வாயத்தான் நேர்ந்துவிடணும் மாப்ள. ஆனா அதுவும் உங்க சம்மதம் இல்லாம கூடாதாம்.”

சிரித்ததில் மீனாவுக்குப் புரையேறியது; தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி சிரித்தாள். அம்மாவும் மகளும் சேர்ந்து சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. சிரிப்பு அடங்கினதும் மீனா கையைத் துடைத்துக்கொண்டு இன்பத்துக்குப் போன் போட்டு அம்மாவின் காதில் வைத்தாள்.

“நர்சம்மா, வேன் இனி எப்ப?”

“திங்கக்கிழமை ஒன்னு இருக்கு ஆவுடையம்மா. என்ன, அம்மன் சரின்னு சொல்லிட்டாகளா?”

“அவ ஒன்னும் சொல்லல. நான்தான் சொல்லிட்டு வந்தேன்.”

அந்தப் பக்கம் இன்பம் சிரிப்பது போனுக்கு வெளியிலும் கேட்டது. “ரொம்பச் சந்தோசம்மா. திங்கக்கிழமை காலைல பள்ளிக்கூடத்து வாசல்ல நில்லுங்க. தலைக்குக் குளிச்சிட்டு வாங்க. ஆபரேசனுக்கப்புறம் கொஞ்ச நாளைக்குத் தலையில தண்ணி ஊத்தக் கூடாது.”

“சரி. அங்கன சோறு போடுவீகளா?”

“மூணு வேளையும் உண்டு. காரம் மட்டும் கம்மியா இருக்கும்.”

ஆவுடைத்தாய் போனைக் கையால் பொத்திக்கொண்டு மகள் பக்கம் திரும்பினாள். “காரம் இருக்காதாம். எலுமிச்சங்கா ஊறுகா கொஞ்சம் கட்டிக் குடுத்துரு தாயி.”